உலைக்களத்தில் ஒரு பிளக் பாயிண்ட்

எங்கள் நாட்டுக்கும் என் பெண்டாட்டிக்கும் ஒரே வியாதி என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டவள் அவளேதான்.

"ரெண்டு பேருக்கும் சொந்த மூச்சு கிடையாதுய்யா. எங்கேயோ இருந்து குழா வழியா வந்தாத்தான் உண்டு" என்பாள் ஷாசினா, மூக்கில் குழாயைச் செருகிக்கொண்டே.

புகையிலைக் கொட்டகையில் பாதி ஆயுளைக் கழித்தவள். நுரையீரல் போய்விட்டது. நாக்கு மட்டும் போகவில்லை. கட்டில் பக்கத்தில் சின்ன அலமாரி அளவுக்கு ஒரு எந்திரம் நின்று, அறைக் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து அவளுக்கு ஊட்டும். புஸ், டக். புஸ், டக். கரண்ட் இருக்கும்வரை அது ஊட்டும். கரண்ட் போனால் நான் சிலிண்டரைத் திறக்க வேண்டும். சிலிண்டர் ஒன்றே ஒன்று. தீர்ந்தால் மாவட்ட ஊருக்குப் போய் நிரப்பி வர வேண்டும், அதுவும் பனியில் பாதை திறந்திருந்தால்.

கரண்டோ எங்களுக்கு இரண்டு மணி நேரம் வரும், இரண்டு மணி நேரம் போகும். அணை ஜார்ஜியாக்காரன் பக்கம். அந்தத் தண்ணீர் வந்து விழுந்து சுற்றுகிற சக்கரங்கள் எங்கள் அப்காசியா பக்கம். சண்டை போட்டுப் பாகம் பிரித்த அண்ணன் தம்பியில் அடுப்பு ஒருத்தனிடமும் பானை ஒருத்தனிடமும் மாட்டிக்கொண்ட கதைதான். முப்பது வருடமாக முகம் பார்ப்பதில்லை. ஆனால் சோறு தினமும் சேர்ந்துதான் வேகிறது. குளிர்காலத்தில் அணை வற்றிவிடும். அப்புறம் ருஷ்யாக்காரனிடம் கையேந்துவோம். அவனுக்கு மனது இருக்கும்வரை கொடுப்பான். மற்றபடி நாங்கள் சுதந்திர நாடு. உலகத்தில் நாலைந்து நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதில் ஒன்று கடலுக்கு நடுவில் இருக்கும் தீவு என்று எங்கள் தெருவில் அட்குர் சொன்னான். அங்கே கரண்ட் எப்படி என்று அவனுக்குத் தெரியவில்லை.

டிசம்பரில் எங்கள் ஊர் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தது. லைன்மேன் லெசிக், மூடிக்கிடந்த தேயிலை ஆலையிலிருந்து பழசு ஒன்றைப் பெயர்த்துக்கொண்டுவந்து கம்பத்தில் ஏற்றினான். இறங்கியதும் என்னிடம் சிகரெட் வாங்கிக்கொண்டு சொன்னான்:

"முஷ்னி அண்ணே, இதுதான் கடைசி. இதுவும் புகைஞ்சா வசந்தம் வரைக்கும் வேற கிடையாது. உங்க ஊர்ல எவனோ கிரிப்டோ எந்திரம் ஓட்டுறான். நாலு பேர் வெந்நி வெச்சதுக்கெல்லாம் இப்படி எரியாது."

கரண்டைத் தின்று கண்ணுக்குத் தெரியாத காசைக் கக்குகிற எந்திரம் அது. நாடு முழுக்க ஒளித்து வைத்திருக்கிறார்கள். சர்க்கார் தடை போட்டிருக்கிறது, அதனால் இன்னும் கொஞ்சம் நன்றாக ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

நான் வீட்டுக்குள் வந்து ஷாசினாவிடம் சொன்னேன்.

"அது எரிஞ்சா பாலத்தைத் தாண்டிப் போயிட வேண்டியதுதான்" என்றாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் என்றால் ஜார்ஜியா. அங்கே ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் காசு வாங்குவதில்லை. அவர்கள் கணக்கில் நாங்கள் இன்னும் அவர்கள் ஆட்கள். ஊரில் பாதிப் பேர் ரகசியமாகப் போய் வந்திருக்கிறார்கள். யாரும் போனதில்லை என்று எல்லோரும் சொல்வார்கள்.

"அங்கேயா? நான் அவனுங்களோட சண்டை போட்டவன்டி."

"நீ போட்ட சண்டைக்கு நான் ஏன் மூச்சு முட்டிச் சாகணும்? நான் போறேன். நீ பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்னு துப்பாக்கியைத் துடைச்சுக்கிட்டிரு."

"அவங்க காகிதத்துல நீ அவங்க நாட்டு ஆள்னு எழுதிக் கையெழுத்துக் கேப்பாங்க."

"கேக்கட்டும். ஆக்ஸிஜன் குடுத்தா நான் சீன நாட்டு ஆள்னு கூடக் கையெழுத்துப் போடுவேன்."

அவள் சொன்னால் செய்கிறவள். அவளை அந்தப் பாலத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு நான் மட்டும் திரும்பி நடந்துவருவது கண்ணுக்குள் வந்து வந்து போயிற்று. அந்தக் கம்பத்தில் தொங்குகிற துருப்பிடித்த பெட்டி எரியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

எங்கள் ஊர் ஒரே வம்சம். ஒரு வம்சத்துக்கு ஓர் உலைக்களம். அதில் கத்தி அடிப்பதோ லாடம் அடிப்பதோ கிடையாது. உள்ளே இரும்பை வைத்து அடிக்கிற அடைகல்லும் சுத்தியலும் கிடுக்கியும் சாமியாக இருக்கின்றன. சாமி பெயர் ஷாஷ்வி. காவல் என் பெரியப்பா மகன் தாராஷிடம். என்னைவிட ரொம்ப மூத்தவர், நெட்டையாக, தாடியோடு, போட்டோவுக்கு நிற்பதுபோலவே எப்போதும் நிற்பார். அவர் ஊர்க் கடைவாசலில் ஆண்களைக் கூட்டினார்.

"ஜனவரி பாதியில பழைய காலண்டர் புத்தாண்டு வருது. ஷாஷ்விக்கு எப்படியும் கிடா வெட்டப் போறோம். அன்னிக்கு வீட்டுக்கு ஒரு ஆம்பளை அடைகல் மேல கை வெச்சுச் சத்தியம் பண்ணட்டும். எவன் பின்வாங்குறானோ அவன்தான் எந்திரக்காரன்."

எல்லோரும் தலையாட்டினோம். ஜனாதிபதியை நம்பமாட்டோம், நீதிபதியை நம்பமாட்டோம். அடைகல்லை நம்புவோம். அதன்மேல் கை வைத்துப் பொய் சொன்னவன் வீட்டில் மாடு மலடாகும், மகன் தங்கமாட்டான். மாடு காணாமல்போன காலத்தில் இந்தச் சத்தியத்தாலேயே மாடுகள் தாமாகத் திரும்பி வந்திருக்கின்றன.

"என்னன்னு சத்தியம்?" என்று கேட்டான் அட்குர். ருஷ்யாவில் சோச்சி ஊரில் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்தவன். காரில் நீல விளக்கு வைத்திருந்தான். அதனால் எல்லோருக்கும் அவன்மேல்தான் சந்தேகம்.

"எனக்கு உரிமையில்லாத கரண்டை நான் எடுக்கலை. அவ்வளவுதான்" என்றார் தாராஷ்.

ஒருத்தர் இருமினார். ஒருத்தர் தொப்பியைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார். எங்கள் ஊரில் மீட்டருக்கு முன்னால் கொக்கி போடாத வீடு எது? என் வீட்டிலும் ஹீட்டர் கொக்கியில்தான் ஓடியது.

"உரிமையில்லாததுன்னா எது பெரியப்பா?" என்றான் அட்குர். "தண்ணி ஜார்ஜியாக்காரனோடது. எதிரி சொத்தை எடுத்தா அது திருட்டா, வீரமா?"

"வீரம்தான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"எங்க வீட்டுக் கொக்கி எங்கப்பா போட்டது. பரம்பரைச் சொத்து. அதுல கை வெக்கக்கூடாது."

"வெந்நிக்கு எடுக்குறது கணக்குல வராதுப்பா. வெந்நி இல்லாம மனுசன் எப்படிக் குளிப்பான்?"

"நீ எப்ப குளிச்ச?"

"அதான், கரண்டு எங்க இருக்கு?"

வெந்நீரைக் கழித்தார்கள். அப்புறம் ஹீட்டர். அப்புறம் பன்றிக்குத் தவிடு வேகவைக்கிற அடுப்பு. ஆட்டைத் தோலுரித்த மாதிரி சத்தியத்தை உரித்துக்கொண்டே போய், கடைசியில் எலும்பு மட்டும் மிஞ்சியது. தாராஷ் அதைக் கணீரென்று சொல்லிக் காட்டினார்: "கரண்டைக் காசாக்குற எந்திரம் என் வீட்டுல இல்லை, என் தொழுவத்துல இல்லை, என் தோட்டத்துல இல்லை."

எல்லோருக்கும் நிம்மதி. இதைச் சொல்வதில் எங்கள் யாருக்கும் கஷ்டமில்லை.

அந்த நாள் வந்தது. மதியம். பனி முழங்கால் வரை. ஊருக்குக் கரண்ட் இல்லாத நேரம். உலைக்களத்துக் கதவைத் தாராஷ் திறந்ததும் எங்கள் முகத்தில் சூடு அடித்தது. வெளியே மூக்கு உறைகிறது, உள்ளே மே மாதம். அப்போதுதான் ஒருத்தன் கூரையைக் காட்டினான். ஊரில் எல்லாக் கூரையும் வெள்ளை. இது மட்டும் காய்ந்து கறுப்பாக நின்றது.

"சாமி தலையில பனி நிக்குமா?" என்றான் மெதுவாக.

உள்ளே பலகைத் தடுப்புக்குப் பின்னால், தாராஷ் ஒயின் ஜாடி வைக்கிற பக்கத்திலிருந்து, தேன்கூடு மாதிரி ஒரு ரீங்காரம் வந்தது. விடாமல். போன வருடமெல்லாம் இது கிடையாது. எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"ஷாஷ்வி முழிச்சிட்டாரு" என்றான் அட்குர். நீல விளக்குக்காரன் கண்ணில் தண்ணீர்.

முதலில் தாராஷ் கை வைத்தார். குரல் நடுங்கவில்லை. பிறகு ஒவ்வொருத்தராக. அட்குர் வாய் குழறாமல் சொன்னான். நானும் சொன்னேன். கல்கூட வெதுவெதுப்பாக இருந்தது. சத்தியம் செய்து முடித்தவன் வெளியே போகவேண்டியதுதானே? ஒருத்தனும் போகவில்லை. சாமி பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நிற்கிறோம் என்று முதுகைத் தடுப்பின் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்கள். அப்படி ஒரு பக்தியை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை.

கிடா, சேவல், சோளக்களி, மிளகாய் விழுது, ஒயின். யாரும் பின்வாங்கவில்லை என்பதால் எந்திரம் எங்கள் ஊரில் இல்லை என்று முடிவாகி, பக்கத்து ஊரைத் திட்டிக் குடித்தோம்.

துணியில் இறைச்சி மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஷாசினா சிலிண்டரில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். சாமி விழித்ததை நடந்தது நடந்தபடி சொன்னேன். சூடு, ரீங்காரம், கூரை. அவள் இறைச்சியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"ஏய்யா, அந்த நேரத்துல கரண்டு இருந்துச்சா?"

"இல்லை."

"கரண்டு இல்லாதப்ப உர்ருனு சத்தம் போட்டுச் சூடு விடுது. அதுவும் ஒயின் ஜாடிக்குப் பின்னால."

"சாமிடி."

"சாமிக்கு விசிறி வெச்சிருக்கான்டா அந்தத் தாடிக்காரன்!" அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் அவளுக்கு இருமல் வரும், இருமினால் மூச்சுப் போகும். ஆனாலும் நிறுத்தவில்லை. "அத்தனை ஆம்பளையும் எந்திரத்துக்கு முதுகு காட்டிக் குளிர் காஞ்சுக்கிட்டு எந்திரமே இல்லைன்னு சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கீங்க!"

எனக்குக் கோபம் வந்தது. கோபப்படுவதற்குள் கரண்ட் வந்தது. ஊரே குடித்துவிட்டு, நனைந்த காலோடு, அப்போதுதான் வீடு திரும்பியிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஹீட்டர், வெந்நீர், பன்றித் தவிடு, எல்லாம் ஒரே மூச்சில் கொக்கியில் ஏறின. சத்தியத்திலிருந்து நாங்கள் கழித்துவிட்ட அத்தனையும். கம்பத்தில் நீலமாக ஒரு மின்னல். பீரங்கி மாதிரி ஒரு சத்தம். அப்புறம் எண்ணெய் எரிகிற நாற்றம்.

எந்திரம் புஸ் என்றது. டக் என்று சொல்லவில்லை.

ஷாசினா சிரிப்பதை நிறுத்திவிட்டுச் சிலிண்டர் முள்ளைப் பார்த்தாள். "நாளை மதியம் வரைக்கும் வரும்" என்றாள். "கம்பளிச் சட்டையை எடுத்து வை. காலையில பாலம்."

அட்குரின் பெட்ரோல் ஜெனரேட்டர் இருந்தது. நவம்பரில் ஒருமுறை அதில் மாட்டிப் பார்த்திருக்கிறோம். ஆக்ஸிஜன் எந்திரம் நாய் மாதிரி குரைத்துவிட்டு அணைந்துபோனது. அதைப் பழுது பார்த்து ஓடவைப்பதற்குள் சிலிண்டர் தீரப் பார்த்தது. மறுபடியும் அந்த வேலை வேண்டாம். மாவட்ட ஊர்ப் பாதையையோ பனி மூடியிருந்தது.

விடிந்ததும் தாராஷ் வீட்டுக்குப் போனேன். அவர் சாமிக்குச் சுட்ட ரொட்டியின் மிச்சத்தைப் பாலாடைக்கட்டியோடு தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, உலைக்களத்துக்குக் கரண்டு எங்கேருந்து வருது?"

ரொட்டி நின்றது. "எந்தக் கரண்டு?"

"ஷாஷ்விக்கு விசிறி சுத்துற கரண்டு."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். மறுத்துப் பேசவில்லை. அந்த மட்டில் நல்ல மனிதர்.

"சிப்பாய்ங்க லைன்" என்றார். ஆற்றங்கரையில் ருஷ்யச் சிப்பாய்களின் காவல் சாவடி இருக்கிறது. அவர்களுக்குத் தனி ஒயர். அதில் கரண்ட் போவதே கிடையாது. "நம்ம தோட்டத்து வழியாத்தான் போகுது. லெசிக் ஒரு கொக்கி போட்டுக் குடுத்தான்."

"எவனோ எந்திரம் ஓட்டுறான்னு என்கிட்டயே வந்து சொன்னான் அந்த லெசிக்!"

"அவன் வேற எவனையோ சொல்லியிருப்பான். நம்ம டிரான்ஸ்ஃபார்மர்லேருந்து நான் ஒரு துளி எடுக்கலடா. சத்தியமும் பொய் இல்லை. வீட்டுல இல்லை, தொழுவத்துல இல்லை, தோட்டத்துல இல்லை. அது சாமி இடம். அவருக்கு எந்திரத்துக்கு ஒரு சேவல்னு தனியா அறுத்துக் கேட்டுக்கிட்டுத்தான் வெச்சேன்."

"ஒத்துக்கிட்டாரா?"

"மறுக்கலையே." தாடியைத் தடவிக்கொண்டார். "நீ யோசிச்சுப் பாரு முஷ்னி. பென்ஷன் ருஷ்யாக்காரன் குடுக்குறான். தண்ணி ஜார்ஜியாக்காரன் குடுக்குறான். நம்ம ரூபிள்ல எவன் தலை இருக்கு? இது ஒண்ணுதான் எவன் முத்திரையும் இல்லாத காசு. இதுதான்டா உண்மையான சுதந்திரம்."

"யாரோட கரண்டுல?"

அவர் மிச்ச ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எனக்கு உங்க காசும் வேணாம் சுதந்திரமும் வேணாம். ஷாசினாவுக்கு ஒரு பிளக் பாயிண்ட் வேணும். சிலிண்டர் மதியத்தோட தீருது."

"உன் வீடு வரைக்கும் ஒயர் இழுத்தா பனி மேல கறுப்பா தெரியும். சாவடியிலேருந்து பாத்துருவானுங்க."

"அப்ப அவ அங்க வரட்டும்."

"உலைக்களத்துக்கா? வம்சத்துக்கு மருமகளா வந்தவளாடா? வேற வம்சத்துப் பொம்பளை கால் அங்க பட்டதே கிடையாது."

"எந்திரத்தோட கால் பட்டுச்சே."

கடைசியில் தாராஷே பனியில் இழுக்கிற சறுக்குப் பலகையில் ஆக்ஸிஜன் எந்திரத்தையும் சிலிண்டரையும் கட்டி இழுத்தார். நான் ஷாசினாவை முதுகில் சுமந்தேன். என் முதுகு கல் சுமந்தது, சிமெண்ட் சுமந்தது, ஆரஞ்சுப் பெட்டி சுமந்தது. அவள் அதையெல்லாம்விட லேசாக இருந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எங்களில் ஒரு வழக்கம். கட்டிக்கொண்டு வந்தவள் புருஷன் வீட்டுப் பெரியவர்கள் முன்னால் வாய் திறக்கமாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து ஷாசினா தாராஷிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் கேட்டால் தலையை ஆட்டுவாள். அவர் போனதும், அவருக்குச் சேரவேண்டியதையெல்லாம் நான் கேட்டுக்கொள்வேன்.

வாசலில் தாராஷ் நின்றுவிட்டார். கதவை மறித்து இரண்டு கையையும் விரித்தார். "முஷ்னி, மனசு வரலடா. கால் படக்கூடாது."

என் காதுக்குப் பக்கத்தில் குழாய் சீறியது. "கால் எங்க படுது பெரியவரே? நான் இவன் முதுகுல இருக்கேன். வழியை விடுங்க, குளிருது."

அவர் அடி வாங்கியதுபோல விலகினார். குரல் இப்படி இருக்கும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். உள்ளே அடைகல் பக்கத்தில் நாற்காலி போட்டு, ஆட்டுத்தோல் விரித்து, கால் தரையில் படாமல் ஒரு ஒயின் பெட்டியின்மேல் வைத்தேன். தடுப்புக்குப் பின்னால் கை விட்டு மாட்டினேன். புஸ், டக்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "நல்ல சூடு" என்றாள். "சாமி செலவாளிதான்."

எத்தனை நாள் மறைக்க முடியும்? முதலில் அட்குர் வந்து பார்த்தான். சாமி கனவில் வந்து மருமகளைக் கூப்பிட்டார் என்று தாராஷ் சொன்னார். அட்குர் தலையைக் குனிந்து கும்பிட்டான். கும்பிட்டு நிமிரும்போது பிளக்கைப் பார்த்துவிட்டான். அன்று சாயந்திரம் போனை சார்ஜ் போட வந்தான். மறுநாள், சாமி ஒரு மருமகளைக் கூப்பிட்டால் எல்லா மருமகளையும் கூப்பிட்ட மாதிரிதான் என்று அவன் அம்மா ஒரு களிப் பானையும் மின்னடுப்பும் கொண்டுவந்தாள். அப்புறம் ஊரே பக்தியில் விழுந்தது. காணிக்கை என்று சேவலைக் கொண்டுவருவார்கள், துண்டுக்குள் ஹீட்டர் இருக்கும். கொக்கியிலிருந்து கொக்கி, அதிலிருந்து கொக்கி. ஷாசினா நடுவில் உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் ஏசினாள். "என் மூச்சுல மாவு அரைக்காதடி" என்று ஒருத்தியை விரட்டினாள்.

ஆற்றங்கரைச் சாவடியில் விளக்கு மங்கியது. ஒரு நாள் முற்பகலில் ருஷ்ய அதிகாரி ஒருவர், கூடவே ஒரு சிப்பாய், தோட்டத்து ஒயரைக் கையால் தடவிக்கொண்டே வந்து உலைக்களத்துக் கதவைத் திறந்தார். நாங்கள் ஒரு கூட்டம் உள்ளே இருந்தோம். போன்கள் அடைகல்லைச் சுற்றி வரிசையாகப் படுத்திருந்தன.

"இங்க என்ன நடக்குது?"

"வழிபாடு" என்றார் தாராஷ்.

"அது என்ன சத்தம்?"

"சாமி" என்றோம் எல்லோரும். ஒரே குரலில். எந்தப் பெரிய மனிதர் வந்தபோதும் எங்கள் ஊர் இவ்வளவு ஒற்றுமையாகப் பேசியதில்லை.

"உங்க சாமி எத்தனை வாட்?"

அவர் தடுப்புப் பலகையைத் தள்ளினார். உள்ளே அடுக்கடுக்காக எந்திரங்கள், பச்சை விளக்குகள் சிமிட்டின. விசிறிகள் சுற்றின. ஊர்க்காரர்களும் அதை அப்போதுதான் பார்த்தார்கள். அட்குர் தாராஷைப் பார்த்தான். அன்று சத்தியத்தின்போது அழுத பையன் அவன். இப்போது முகம் சிவந்துபோனது.

அதிகாரி திரும்பி ஷாசினாவையும் அவள் மூக்குக் குழாயையும் பார்த்தார்.

"கதவைச் சாத்துப்பா" என்றாள் அவள். "வந்தவங்க எல்லாம் தொறந்து போட்டுட்டே நிக்கிறீங்க. நாட்டையும் அப்படித்தான்."

அவருக்குச் சிரிப்பு வந்ததோ என்னவோ, மீசையைக் கடித்துக்கொண்டார். பிறகு தாராஷிடம் சொன்னார்: "பெரியவரே, நான் மேல எழுதிப் போட்டா ஒயரை மொத்தமா அறுத்துட்டுப் போயிருவாங்க. எழுதாம இருக்கணும்னா எங்க விளக்கு மங்கக்கூடாது. இந்த ஒயர்ல ஒரு சின்ன சாமான் தொங்கினா எனக்குக் கண்ணு தெரியாது. ஒண்ணு மட்டும். எதுன்னு நீங்களே பாத்துக்கங்க. நான் வெளியில ஒரு சிகரெட் பிடிச்சிட்டு வர்றேன்."

கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

பெண்கள் முதலில் அசைந்தார்கள். மின்னடுப்பு, போன், ஹீட்டர், எல்லாம் துண்டுக்குள் போயின. மிஞ்சியது இரண்டு. அவளுடைய எந்திரமும் அவருடைய எந்திரங்களும். தாராஷ் தடுப்பின் பக்கம் பார்த்தார், ஷாசினா பக்கம் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் தடுப்பின் பக்கமே பார்த்தார். நான் என் முதுகை நிமிர்த்தினேன். மூத்தவர்மேல் கை வைத்தவன் எங்கள் வம்சத்தில் இல்லை. முதல் ஆள் நானாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தேன்.

ஷாசினா வாய் திறக்கவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை. குழாயைச் சரிசெய்துகொண்டு, வேறு யாருக்கோ நடக்கிற காரியம் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டுத்தோலைப் பிடித்திருந்த கை மட்டும் வெளுத்திருந்தது.

தாராஷ் உள்ளே போனார். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினார். சேவலுக்கு இறகு பிடுங்குவது மாதிரி, அவசரப்படாமல், ஒன்றையும் விடாமல். ரீங்காரம் இறங்கி இறங்கி நின்றது. அந்தச் சத்தம் எவ்வளவு பெரியதாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

அதிகாரி வந்து எட்டிப் பார்த்தார், காது கொடுத்தார், தலையை ஆட்டிவிட்டுச் சிப்பாயோடு பனியில் இறங்கிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் குளிர் உள்ளே வந்தது. அத்தனை நாளும் சூடு கொடுத்தது அந்த எந்திரங்கள்தானே. எங்கள் வாயிலிருந்து புகை வந்தது. அட்குர் போய் உலையில் விறகை அடுக்கினான்.

"டேய், டேய்!" என்று கத்தினாள் ஷாசினா. "ஆக்ஸிஜனுக்குப் பக்கத்துல நெருப்பு வெச்ச, நானும் உன் சாமியும் கூரையோட சேர்ந்து போயிருவோம்!"

அட்குர் விறகோடு விழித்தான். மற்றவர்கள் வாசலுக்கு வெளியே பாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். உலகத்தில் நெருப்பு மூட்டக்கூடாத ஒரே உலைக்களம் எங்களுடையதுதான்.

"அப்ப என்னதான் பண்றது சித்தி? நீ விறைச்சிருவியே."

"எல்லாரும் வெளியில போய் நின்னு எட்டிப் பாக்காதீங்க. உள்ள வாங்க, கதவைச் சாத்துங்க. தொழுவத்துல மாடுங்க நின்னாலே சூடு வரும். நீங்களும் அதே சாதிதானே."

எல்லோரும் உள்ளே வந்தார்கள். நாற்காலியைச் சுற்றித் தோளோடு தோள் நெருக்கி நின்றோம். ஈரக் கம்பளி நாற்றம், பூண்டு நாற்றம், நேற்றைய ஒயின் நாற்றம். அவள் அதற்கும் ஏசினாள். மாலை ஆனதும் யார் யார் எப்போது வந்து நிற்பது என்று பெண்கள் பேசி முடிவு செய்தார்கள்.

தாராஷ் கதவோரத்தில், பலகை இடுக்கில் காற்று புகுகிற இடத்தில் போய் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். அங்கே நில்லுங்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.